படத்தின் அளவை மாற்றும்போது தரம் எங்கே போகிறது?

‘இந்தப் படத்தைக் கொஞ்சம் ரீசைஸ் பண்ணிக் கொடுங்கள்’ என்று கேட்பவர் மூன்று வேலைகளில் ஏதோ ஒன்றைக் கேட்கிறார். பிக்சல்களின் எண்ணிக்கையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்கிறார்; அல்லது காகிதத்தில் இத்தனை அங்குலத்துக்கு வர வேண்டும் என்கிறார்; அல்லது கோப்பு 50 கேபிக்குள் அடங்க வேண்டும் என்கிறார். மூன்றும் தனித்தனி. பிக்சலைத் தொடாமலே கேபியைக் குறைக்கலாம். ஒரு பிக்சல்கூட மாறாமல் அங்குலக் கணக்கை மாற்றலாம். எது தேவை என்று தெளிவாகத் தெரியாமல் கை வைக்கும்போதுதான் படம் கெடுகிறது.

முதலில் கணக்கு. போனில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் பெரும்பாலும் 4000 × 3000 பிக்சல் இருக்கும். ஒரு பிக்சலுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். ஆக மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பைட், அதாவது 36 எம்பி. அதே படம் ஜேபெக் கோப்பாக 3 முதல் 5 எம்பிக்குள் நிற்கிறதே, மீதி எங்கே போனது? அது ஜேபெக்கின் அமுக்க வேலை. அதைப் பிறகு பார்ப்போம்.

டிபிஐ என்ற எண்தான் அதிகம் குழப்புகிறது. கோப்புக்குள் ‘300’ என்றோ ‘72’ என்றோ எழுதியிருப்பது வெறும் குறிப்பு. ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக்சல் வைத்து அச்சடி என்று பிரிண்டருக்குச் சொல்கிறது, அவ்வளவே. 4000 × 3000 படத்தில் 72 என்பதை 300 என்று திருத்தினால் திரையில் எதுவும் மாறாது, கோப்பின் எடையும் மாறாது. அச்சு அளவு மட்டும் 55.6 அங்குல அகலத்திலிருந்து 13.3 அங்குலமாகிறது. ஃபோட்டோஷாப்பில் ‘இமேஜ் சைஸ்’ பெட்டியைத் திறந்தால் ‘ரீசாம்பிள்’ என்று ஒரு டிக் இருக்கும். டிக்கை எடுத்துவிட்டு மாற்றினால் குறிப்பு மட்டும் மாறும். டிக் இருக்கும்போது 72-ஐ 300 ஆக்கினால் மென்பொருள் அகலத்தையும் உயரத்தையும் நான்கு மடங்குக்கு மேல் ஊதிவிடும். ‘300 டிபிஐ ஆக்கிக் கொடுத்தேன், படம் மங்கலாகிவிட்டது’ என்ற புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு டிக்கில் பிறந்தது.

சிறிதாக்கும்போது நடப்பது

4000 × 3000 படத்தை 1000 × 750 ஆக்கினால் 16 பிக்சல்கள் ஒன்றாகின்றன. விவரம் போகிறது, அதைத் திரும்பப் பெற வழியில்லை. ஆனாலும் கண்ணுக்குப் படம் முன்பைவிடத் தெளிவாகவே தெரியும். 16 பிக்சல்களின் சராசரி எடுக்கும்போது இருட்டில் எடுத்த படத்தின் புள்ளி இரைச்சல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. லேசான கை நடுக்கமும் ஃபோக்கஸ் பிசகும் மறைந்துபோகும். இரவில் எடுத்த சுமாரான படம் வாட்ஸ்அப்பில் நன்றாகத் தெரிந்து, பெரிய பிரிண்ட் போட்டதும் பல்லிளிப்பது இதனால்தான்.

சிறிதாக்குவதில் உண்மையான ஆபத்து விவரம் குறைவதில் இல்லை, இல்லாத விவரம் தோன்றுவதில்தான். எவ்வளவு நுணுக்கமான கோட்டு வரிசையையும் பதிய, ஒரு கோடு–இடைவெளி ஜோடிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-லும் கிளாட் ஷானன் 1949-லும் தந்திச் செய்திகளுக்கும் ஒலிக்கும் வகுத்த கணக்கு படத்துக்கும் அப்படியே பொருந்தும். புதிய அளவில் அந்த இரண்டு பிக்சல் கிடைக்காத கோடுகளை முன்கூட்டியே மங்கலாக்கிவிட வேண்டும். மங்கலாக்காமல் பிக்சல்களைத் தாண்டித் தாண்டிப் பொறுக்கினால் அவை வேறு உருவம் எடுத்து வரும். கட்டம் போட்ட பட்டுப் புடவையில் அலை அலையாக நெளிவுகள், ஜன்னல் கம்பி வலையில் வானவில் கோடுகள், தூரத்து ஓட்டுக் கூரையில் படிக்கட்டு போன்ற முறிவுகள் எல்லாம் இப்படி வருபவை. இதற்கு மோரே என்று பெயர். படத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால் எடுப்பது கடினம். மூலப் படத்திலிருந்து மறுபடி செய்வதே சுலபம்.

இங்கேதான் எந்த முறையில் சிறிதாக்குகிறோம் என்பது முக்கியமாகிறது. நியரஸ்ட் நெய்பர் முறை அருகிலிருக்கும் ஒரே பிக்சலை எடுத்து வைக்கிறது; புகைப்படத்துக்கு ஆகவே ஆகாது. பைலீனியர் 4 பிக்சல்களையும் பைகியூபிக் 16 பிக்சல்களையும் லான்சோஸ்-3 முறை 36 பிக்சல்களையும் பார்த்துக் கலக்கின்றன. பைலீனியர் பாதி அளவு வரை பரவாயில்லை. அதற்குக் கீழே போனால் நடுவிலுள்ள பிக்சல்களைப் பார்க்காமலே தாண்டிவிடும். நல்ல மென்பொருள்கள் சுருங்கும் விகிதத்துக்கு ஏற்பத் தாங்கள் பார்க்கும் வட்டத்தை விரித்துக்கொள்ளும். எல்லாம் அப்படி இல்லை. நிரல் எழுதுவோர் ஓப்பன்சிவி என்ற, படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பில் சிறிதாக்கும்போது வழக்கமான லீனியரை விட்டுவிட்டு ‘இன்டர் ஏரியா’வைத் தேர்வது இந்தக் காரணத்துக்காகத்தான்.

ஃபோட்டோஷாப்பில் சிறிதாக்க ‘பைகியூபிக் ஷார்ப்பர்’ போதும். முடி, இலை, கோபுரச் சிற்பம் போன்ற நுணுக்கங்கள் முறுக்கேறித் தெரிந்தால் வெறும் ‘பைகியூபிக்’கு மாறுங்கள். இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருளில் கன்ட்ரோலுடன் ஆர் அழுத்தினால் வரும் பெட்டியில் ‘ரீசைஸ்’, ‘ரீசாம்பிள்’ என்று இரண்டு வழிகள் இருக்கும். முதலாவது வேகமானது, தரம் குறைவு. இரண்டாவதை எடுத்து, பட்டியலில் லான்சோஸைத் தேருங்கள். கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ‘இமேஜ்’ மெனுவிலுள்ள ‘ஸ்கேல் இமேஜ்’ பெட்டியில் கியூபிக், நோஹேலோ, லோஹேலோ மூன்றும் கிடைக்கும். கோடுகளின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு விழுந்தால் ஹேலோ பெயர்கொண்ட இரண்டில் ஒன்றுக்குப் போகலாம். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு நுண்ணியது. அதற்காகச் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். வேலை நடக்க வேண்டியவர்களுக்கு அது தேவையில்லை.

திருவிழாவில் சீரியல் பல்புகள் எரியும் கோபுரத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் விளக்குகள் மங்கிப்போனதுபோல் இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. கோப்பிலுள்ள எண்கள் ஒளியின் நேர் அளவு கிடையாது. கண்ணுக்கு ஏற்றபடி வளைத்து எழுதியவை. ஒரு கறுப்பு பிக்சலையும் (0) ஒரு வெள்ளை பிக்சலையும் (255) கலந்தால் பல மென்பொருள்கள் 128 என்று எழுதுகின்றன. ஒளியின் கணக்கில் சரியான விடை ஏறக்குறைய 188. பகல் படத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. கறுப்புப் பின்னணியில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகள் இருந்தால் பளிச்சென்று தெரியும். ஃபோட்டோஷாப்பில் படத்தைச் சேனலுக்கு 32 பிட் என்ற நிலைக்கு மாற்றி, அங்கே சிறிதாக்கி, மறுபடி 8 பிட்டுக்குக் கொண்டுவந்தால் விளக்குகள் தப்பிக்கும். திரும்பி வரும்போது எழும் பெட்டியில் ‘எக்ஸ்போஷர் அண்ட் காமா’வைத் தேர்ந்து எண்களைத் தொடாமல் விடுங்கள்.

தமிழ் எழுத்துள்ள படங்களுக்கு வேறொரு சோதனை. அழைப்பிதழையோ நோட்டீஸையோ சிறிதாக்கும்போது முதலில் சாவது புள்ளி. ஒரு வரியில் எழுத்தின் உடல் 10 பிக்சல் உயரம் என்றால் மேலேயுள்ள புள்ளி ஒன்றரை, இரண்டு பிக்சல்தான். அது சாம்பல் கறையாகி, மெய்யெழுத்து உயிர்மெய்யாகப் படிக்கப்படும். அடுத்து ண, ன இரண்டின் சுழிகள் ஒன்றாகின்றன. ஆகவே எழுத்து முக்கியமான படத்தில் மிகச் சிறிய வரியின் உடல் உயரம் 16 பிக்சலுக்குக் குறையாதபடி அளவைத் தீர்மானியுங்கள். குறையத்தான் போகிறது என்றால் படத்தைச் சிறிதாக்காதீர்கள். வடிவமைத்த கோப்புக்குப் போய் எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதே வழி.

வேலையின் வரிசை எப்போதும் ஒன்றுதான். நிறம், வெளிச்சம் திருத்தம் முதலில். பிறகு கிராப். பிறகு ஒரே தடவையில் தேவையான அளவுக்குச் சிறிதாக்கல். ஷார்ப்பன், அதாவது கூர்மையாக்கல், கடைசியில். அன்ஷார்ப் மாஸ்க்கில் ரேடியஸ் 0.3 முதல் 0.6 பிக்சல், அமவுண்ட் 50 முதல் 80 சதவீதம் என்பது திரைக்குரிய படங்களுக்குச் சரிவரும். பார்க்கும்போது ஜூம் 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். 67 சதவீதத்தில் பார்த்து எடுக்கும் முடிவு ஒன்றுக்கும் உதவாது. பைகியூபிக் ஷார்ப்பர் ஏற்கெனவே கொஞ்சம் கூர்மையாக்கியிருக்கும், இர்ஃபான்வியூவிலும் ‘அப்ளை ஷார்ப்பன் ஆஃப்டர் ரீசாம்பிள்’ டிக் இருந்தால் அப்படியே. இரட்டை ஷார்ப்பன் விழுந்த முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும்.

4000-லிருந்து 2000, அதிலிருந்து 1600, அதிலிருந்து 1080 என்று படிப்படியாக இறங்க வேண்டாம். ஒவ்வொரு படியும் கொஞ்சம் மங்கலாக்கும். வெவ்வேறு அளவுகள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் மூலக் கோப்பிலிருந்தே தனியாக எடுங்கள்.

சேமிக்கும்போது இழப்பது

1992-ல் தரநிலையான ஜேபெக், படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுண்ணலைகளை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்கிவிடுகிறது. தரம் 60-க்குக் கீழே போனால் வானத்திலும் சுவரிலும் இந்தக் கட்டங்கள் தெரியும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்ததுபோல் தூசு வரும். புகைப்படத்துக்கு 80 முதல் 88 வரை நல்ல பேரம். 95-க்கு மேல் கோப்பு வேகமாகப் பருக்கிறது, கண் எதையும் கூடுதலாகப் பார்ப்பதில்லை. இந்த எண்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஃபோட்டோஷாப்பின் ‘சேவ் ஆஸ்’ 0 முதல் 12 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அங்கே 10 என்பது கிம்ப்பின் 10 அல்ல.

தர எண் ஒருபுறம் இருக்க, ஒளிந்திருக்கும் இன்னொரு இழப்பு நிறத்தில். 4:2:0 என்று குறிக்கப்படும் முறையில் வெளிச்சம் முழு அளவில் பதிந்தாலும் நிறம் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்றே பதிகிறது. பூவுக்கும் முகத்துக்கும் இது தெரியாது. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து, அதாவது நம் ஊர் நோட்டீஸ்களில் பாதி, இதனால் ஓரம் கசிந்து போகும். கிம்ப்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது சப்சாம்பிளிங்கை 4:4:4 என்று வையுங்கள். இர்ஃபான்வியூவில் குரோமா சப்சாம்பிளிங்கை முடக்கும் டிக் சேமிக்கும் பெட்டியிலேயே இருக்கிறது. எழுத்தும் தட்டையான நிறங்களும் மட்டுமே உள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கும் லோகோவுக்கும் ஜேபெக் எதற்கு? பிஎன்ஜி எதையும் இழக்காது, பெரும்பாலும் எடையும் குறைவாகவே வரும்.

ஜேபெக்கைத் திறந்து மூடினால் தரம் போகாது. மறுபடி சேமித்தால்தான் போகும். எதையும் மாற்றாமல் அதே தரத்தில் மறுபடி மறுபடி சேமித்தால் முதல் சில தடவைக்குப் பின் இழப்பு ஏறக்குறைய நின்றுவிடும். கிராப் செய்தோ அளவை மாற்றியோ சேமித்தால் 8 × 8 கட்டம் இடம் பெயர்ந்துவிடுவதால் ஒவ்வொரு தடவையும் புது இழப்பு சேரும். ஒரே படம் பத்து குடும்பக் குழுக்களில் சுற்றி, ஒவ்வொருவரும் ஓரத்தை வெட்டிப் பூ ஒட்டி அனுப்பியபின் சேறாக வந்து சேர்வது இப்படித்தான்.

போன் படத்தை வேறெங்கோ போட்டதும் நிறம் வெளிறினால் சிறிதாக்கியதைக் குறை சொல்லாதீர்கள். ஐபோன் போன்றவை டிஸ்பிளே பி3 என்ற விரிந்த நிறவெளியில் படம் எடுக்கின்றன. சேமிக்கும்போது நிற விவரக்குறிப்பு மட்டும் நீங்கிவிட்டால் எண்கள் தவறாகப் படிக்கப்படும். முதலில் எல்லாத் திரைகளுக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றி, பிறகு சேமிக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவமும் கேபி கணக்கும்

அளவு மாற்றும் வேலை பெரும்பாலோருக்கு வருவது இணையவழி விண்ணப்பத்தில்தான். ஐபிபிஎஸ் வங்கித் தேர்வு அறிவிப்புகளில் நெடுநாளாக வரும் அளவுகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: புகைப்படம் 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி, கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி, இடது பெருவிரல் ரேகை 240 × 240 பிக்சல், 20 முதல் 50 கேபி, கைப்பட எழுதும் உறுதிமொழி 800 × 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. உங்கள் தேர்வின் அறிவிப்பில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம்.

இதில் நடக்கும் முதல் கோளாறு விகிதம். ஸ்டூடியோவில் தரும் பாஸ்போர்ட் படம் 35 × 45 மில்லிமீட்டர். 300 டிபிஐ-யில் 413 × 531 பிக்சல். விகிதப் பூட்டை அவிழ்த்துவிட்டு அதை நேராக 200 × 230-க்குள் திணித்தால் முகம் 12 சதவீதம் அகன்று, ஆள் உப்பிப்போய்த் தெரிவார். முதலில் கிராப் விகிதத்தை 20:23 என்று வைத்து 413 × 475 ஆக வெட்டுங்கள். உயரத்தில் போகும் 56 பிக்சலைச் சட்டைப் பக்கம் அதிகமாகவும் தலைக்கு மேலே கொஞ்சமாகவும் பிரித்து எடுக்கலாம். வெட்டியபின் 200 × 230-க்குச் சிறிதாக்கினால் முகம் முகமாகவே இருக்கும்.

இரண்டாவது கோளாறு எதிர்பாராதது: கோப்பு மிகச் சிறியதாகிவிடுவது. 200 × 230 என்பது 46,000 பிக்சல்தான். வெள்ளைப் பின்னணிப் படத்தைத் தரம் 80-ல் சேமித்தால் 10 கேபி அளவில் நின்றுவிடக்கூடும். படிவம் 20 கேபிக்குக் குறைவு என்று திருப்பி அனுப்பும். தரத்தை 95-க்கு மேல் ஏற்றி, சப்சாம்பிளிங்கை 4:4:4 ஆக்குங்கள். பெரும்பாலும் எல்லைக்குள் வந்துவிடும். கிம்ப்பின் எக்ஸ்போர்ட் பெட்டியில் முன்னோட்டத்துக்கான டிக்கைப் போட்டால் ஸ்லைடரை நகர்த்தும்போதே எத்தனை கேபி என்று காட்டும். ஃபோட்டோஷாப்பில் ‘சேவ் ஃபார் வெப்’ மெனுவில் ‘ஆப்டிமைஸ் டு ஃபைல் சைஸ்’ இருக்கிறது. கேபியைச் சொன்னால் தரத்தை அதுவே தேடிக்கொள்ளும். விண்டோஸின் பெயின்ட்டில் அளவு மாற்றலாம், ஆனால் ஜேபெக்கின் தரத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. மேல் எல்லை 50 என்றால் 48-ல் நிறுத்துங்கள். ஒரு கேபி 1000 பைட்டா 1024 பைட்டா என்பதில் உங்கள் கணினியும் அவர்கள் சர்வரும் ஒத்துப்போக வேண்டுமென்ற கட்டாயமில்லை.

மாறாகக் கோப்பு ஏனோ குறையவே மாட்டேன் என்றால் உள்ளே வேறு சரக்கு இருக்கிறதா பாருங்கள். எக்சிஃப் தகவல் (கேமரா, தேதி போன்றவை கோப்போடு பதியும் குறிப்பு), அதற்குள் பதிந்த சிறு முன்னோட்டப் படம், நிற விவரக்குறிப்பு எல்லாம் சேர்ந்து பல கேபிகளைத் தின்னும். 4 எம்பி படத்தில் அது தூசு. 20 கேபி எல்லையில் அதுவே பாதி. எக்ஸ்போர்ட் பெட்டியில் இவற்றுக்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள். எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம், போன் படத்தின் எக்சிஃபில் நீங்கள் நின்ற இடமும் பதிந்திருக்கலாம்.

கையெழுத்துதான் இதில் கடினமானது. காகிதத்தில் 6 சென்டிமீட்டர் அகலப் பெட்டிக்குள் போட்ட கையெழுத்து 140 பிக்சலில் அடங்குகிறது என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 2.3 பிக்சல். 0.3 மில்லிமீட்டர் மெல்லிய ஜெல் பேனாக் கோடு முக்கால் பிக்சல்கூட வராது. கறுப்பு மை சாம்பலாகி அங்கங்கே அறுந்துபோகும். எனவே தடித்த முனையுள்ள பேனாவால், வெள்ளைத் தாளில் 7:3 விகிதத்தில் பெட்டி வரைந்து, அது நிறையும்படி கையெழுத்திடுங்கள். பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் எடுத்து, பெட்டிக் கோட்டுக்கு உள்ளே வெட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் தாளை வெள்ளைக்கும் மையைக் கறுப்புக்கும் இழுத்தபின் சிறிதாக்குங்கள். சிறிதாக்கியபின் லெவல்ஸ் போட்டால் ஓரங்கள் பல் பல்லாக வரும். 140 × 60 படத்தை அமுக்கமே இல்லாமல் வைத்தாலும் 25,200 பைட்தான். பெரும்பகுதி வெள்ளை என்பதால் தரம் 100 வைத்தாலும் 10 கேபியைத் தொடாமல் போகலாம். அறிவிப்பு அந்தப் பிக்சல் அளவை ‘விரும்பத்தக்கது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அதே விகிதத்தில் இரட்டிப்பாக 280 × 120 வையுங்கள். கேபியும் எல்லைக்குள் வரும், கோடும் தெளிவாகும்.

ரேகைக்கும் உறுதிமொழிக்கும் 200 டிபிஐ என்று சொல்கிறார்களே, அந்த எண்ணுக்கு இங்கே பொருள் உண்டு. அது ஸ்கேனருக்கான கட்டளை. 3 சென்டிமீட்டரை 200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 236 பிக்சல். 240 என்பது அதன் முழுமையாக்கம். போனில் எடுப்பவர்கள் டிபிஐயை மறந்துவிட்டு பிக்சலை மட்டும் பார்க்கலாம்.

‘50 கேபி ஆக்கு’ என்று விளம்பரம் செய்யும் முகம் தெரியாத இணையதளங்களில் கையெழுத்தையும் பெருவிரல் ரேகையையும் ஏற்றுவது தேவையற்ற துணிச்சல். மேலே சொன்னவற்றில் கிம்ப்புக்குக் காசு வேண்டாம். இர்ஃபான்வியூவும் சொந்த உபயோகத்துக்கு இலவசம். இரண்டும் உங்கள் கணினிக்குள்ளேயே வேலையை முடிக்கின்றன.

பெரிதாக்குதல்

பெரிதாக்கும்போது மென்பொருள் இரண்டு பிக்சலுக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. புது விவரம் எதுவும் வருவதில்லை. அகலத்தில் ஒன்றரை மடங்கு வரை அச்சில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இரண்டு மடங்கில் கொஞ்சம் மெத்தென்று தெரியும். அதற்கு மேல் மூலப் படத்தின் ஜேபெக் கட்டங்களும் கூடவே வளர்ந்து நிற்கும். ஆகவே பெரிதாக்கும் முன்பே ஜேபெக் தூசை லேசாகத் துடைக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் பெரிதாக்க ‘பிரிசர்வ் டீடெய்ல்ஸ் 2.0’ நல்ல தேர்வு. அதிலேயே இரைச்சலைக் குறைக்கும் ஸ்லைடரும் உண்டு. பத்துப் பத்து சதவீதமாகப் பெரிதாக்கினால் தரம் கூடும் என்பது பழைய நம்பிக்கை. இன்றைய முறைகளில் ஒரே தாவலில் போவதே மேல்.

செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் ஊகத்தை இன்னொரு தளத்துக்குக் கொண்டுபோகின்றன. அடோபியின் ‘சூப்பர் ரெசல்யூஷன்’ 2021-ல் ஃபோட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் வந்தது. அகலம், உயரம் இரண்டையும் இரட்டிப்பாக்கும். அப்ஸ்கேல் (Upscayl) என்ற இலவச மென்பொருளும் கணினியிலேயே இயங்கும். இலை, கல், துணி, கடல் போன்றவற்றில் இவை அசத்தும். முகத்திலும் எழுத்திலும் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தை இவை பெரும்பாலும் எழுத்தாக அறிவதில்லை, வளைகோடாகவே பார்க்கின்றன. மங்கலான பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினால் எந்த மொழியிலும் இல்லாத வடிவம் கூர்மையாக வந்து நிற்கும்.

முகம் இன்னும் சிக்கல். கண்ணீர் அஞ்சலி பேனருக்காகக் கல்யாணக் குழுப் படத்திலிருந்து ஒருவரின் முகத்தை வெட்டி எடுப்பது வழக்கம். வரிசைக்குப் பன்னிரண்டு பேர் நிற்கும் 4000 பிக்சல் படத்தில் ஒரு முகம் 150 பிக்சல் இருந்தால் அதிகம். நுண்ணறிவு அதைப் பெரிதாக்கும்போது மச்சம் மறையும், கண்ணின் ஓரம் மாறும், பல் வரிசை சீராகும். பளபளப்பான ஒரு முகம் கிடைக்கும், வீட்டார் பார்த்து ‘இது அவர் மாதிரி இல்லையே’ என்பார்கள். பழைய அச்சுப் படமோ நெகட்டிவோ கிடைத்தால் அதை ஸ்கேன் செய்யுங்கள்: 4 × 6 அச்சை 600 டிபிஐ-யில் எடுத்தால் 2400 × 3600 பிக்சல், 35 மில்லிமீட்டர் நெகட்டிவை 2400 டிபிஐ-யில் எடுத்தால் ஏறக்குறைய 3400 × 2270.

அச்சுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் எத்தனை பிக்சல்?

300 டிபிஐ என்பது கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கான எண். தெளிவான கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்று எடுத்துக்கொண்டால் ஓர் எளிய சூத்திரம் வருகிறது: 287-ஐ, பார்க்கும் தூரத்தின் அடிக் கணக்கால் வகுக்கவும். ஓர் அடி தூரத்தில் 287, மூன்று அடியில் 96, பத்து அடியில் 29, இருபத்தைந்து அடியில் 11 அல்லது 12. ஓர் அங்குலத்துக்கு அத்தனை பிக்சல் இருந்தால் கண்ணுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

இப்போது 10 × 6 அடி ஃப்ளெக்ஸை எடுத்துக்கொள்வோம். அகலம் 120 அங்குலம். 4000 பிக்சல் படத்தை முழு அகலத்துக்கும் விரித்தால் அங்குலத்துக்கு 33 பிக்சல். பத்து அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது போதும். இதையே 300 டிபிஐ-யில் கேட்டால் 36,000 × 21,600 பிக்சல், அதாவது 77 கோடிக்கும் மேல். ஃபோட்டோஷாப்பின் சாதாரண பிஎஸ்டி கோப்பு அகலத்திலும் உயரத்திலும் 30,000 பிக்சல் வரைதான் ஏற்கும். படத்தை 33-லிருந்து 72 ஆக்கிக் கொடுப்பதில் தீங்கில்லை, எழுத்து ஓரங்கள் மென்மையாக வரும். 300 கேட்பவர் பழக்கத்தில் கேட்கிறார்.

அஞ்சலி பேனரின் 150 பிக்சல் முகத்துக்கும் இதே கணக்கு. மூன்று அடி உயரத்துக்கு முகத்தை வைத்தால் அங்குலத்துக்கு 4 பிக்சல்தான்; சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் உடையும். முகத்தை ஓர் அடிக்குக் குறைத்து, மீதி இடத்தைப் பெயருக்கும் பூ அலங்காரத்துக்கும் கொடுத்தால் 12 பிக்சல் கிடைக்கும், இருபத்தைந்து அடியில் இயல்பாகத் தெரியும். வடிவமைப்பை மாற்றுவது சில நேரம் எந்த மென்பொருளையும்விட நல்ல ரீசைஸ்.

எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பெரிதாக்கவே கூடாது. புகைப்படம் மட்டும் பிக்சலாக இருக்கட்டும். பெயர், தேதி, லோகோ எல்லாம் கோரல்டிரா போன்ற வெக்டர் மென்பொருளில் (பிக்சலாக அல்லாமல் கோடுகளாக வைப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது) முழு அளவில் வைக்கப்படட்டும். லோகோவை ஜேபெக்காகத் தருபவரிடம் பிடிஎஃப், எஸ்விஜி, சிடிஆர் இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். பலரிடம் இருக்கும், அனுப்பத் தோன்றியிருக்காது.

சின்ன அச்சில் இடறுவது பிக்சல் எண்ணிக்கையில் அல்ல, விகிதத்தில். போன் படம் 4:3, 4 × 6 அச்சு 3:2. கடையில் அப்படியே கொடுத்தால் குறுகிய பக்கத்தில் 11 சதவீதம் வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்பவர் தலை போவது அங்கேதான். 4000 × 2667-க்கு நீங்களே வெட்டிக் கொடுங்கள். 12 × 18 அச்சுக்கு அந்தப் படம் அங்குலத்துக்கு 222 பிக்சல் தரும், சுவரில் மாட்டப் போதுமானதற்கும் மேல். கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு இறங்கிவிடும், ஜேபெக் அமுக்கமும் கூடும். அதே வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ வழியாக இணைத்தால் கோப்பு தொடப்படாமல் போகும்.

கடைக்காரர்கள் ஒட்டும் யுபிஐ கியூஆர் ஸ்டிக்கருக்கு இதுவரை சொன்னதெல்லாம் தலைகீழ். இங்கே பைகியூபிக் வேண்டாம், லான்சோஸ் வேண்டாம். நியரஸ்ட் நெய்பர்தான் சரி. கட்டங்களின் ஓரம் சாம்பலாகக் கூடாது, எல்லாக் கட்டமும் ஒரே அளவில் வளர வேண்டும். ஆகவே 2, 3, 4 என்று முழு மடங்குகளில் மட்டும் பெரிதாக்கி பிஎன்ஜியாகச் சேமியுங்கள். 45 × 45 கட்டமுள்ள கியூஆருக்குச் சுற்றிலும் விட வேண்டிய நான்கு கட்ட வெள்ளை ஓரத்தையும் சேர்த்தால் 53. கட்டத்துக்கு 20 பிக்சல் வைத்தால் 1060 பிக்சல் படம். அழகுக்காக அந்த வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள், சுற்றியுள்ளவற்றிலிருந்து கியூஆரைப் பிரித்தறிய ஸ்கேனருக்கு அது உதவுகிறது. வாட்ஸ்அப்பில் பலமுறை சுற்றி வந்த கியூஆர் படத்தைப் பெரிதாக்குவதைவிட, செயலியிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்வதே சுலபம். ஸ்டிக்கர் மொத்தமாக அடிக்குமுன் ஒன்றை மட்டும் அச்சடித்து, கேமரா சுமாரான ஒரு பழைய போனால், கடையின் மாலை வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள். பெயர் சரியாக வந்தால் மீதியை அடிக்கச் சொல்லலாம்.